டிக்கெட் எடுக்கும் முன் இன்ச் டேப்பை எடுங்கள்

கேள்வி: துறையூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு இப்போதுதான் 4 முடிந்தது. மகளின் வகுப்புத் தோழி சிங்கப்பூரில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்வந்ததிலிருந்து வீட்டில் தினமும் அதே பேச்சு. நான், மனைவி, 67 வயது அம்மா, பிள்ளைகள் இருவர் என்று ஐந்து பேர். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறையில் போகலாமென்று ஓர் ஏஜென்சியில் விசாரித்தேன். நான்கு இரவு பேக்கேஜ் 3,90,000 ரூபாய் என்கிறார்கள். அதில் யூனிவர்சலுக்கு இரண்டு நாள், ஐந்து பேருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ். என்னால் 2,50,000-ஐத் தாண்ட முடியாது. கையில் இருப்பது 1,40,000. மீதியை இஎம்ஐயில் கட்டிவிடலாம் என்கிறார் மச்சான். மனைவிக்குப் பஸ்ஸில் போனாலே தலை சுற்றும், அம்மாவுக்கு மூட்டு வலி. பிள்ளைகளின் முகம் வாடாமல் செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்:

வழி உண்டு. ஆனால் நீங்கள் கேட்ட தேதிக்கு இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கடையில்தான் இன்ச் டேப் இருக்குமே, இன்று ராத்திரி வீட்டுக்கு எடுத்துப் போய், மகனைக் கதவு நிலையில் முதுகு ஒட்ட நிற்கவைத்து உயரத்தை அளந்து பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். மகளுக்கும் அப்படியே. 22 வருஷமாகத் திருச்சியிலிருந்து குடும்பங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவருகிறேன். பேக்கேஜ் விலை, ஹோட்டல் ஸ்டார், காலை உணவு இட்லியா பிரெட்டா என்று எல்லாம் கேட்பார்கள். பையன் எவ்வளவு உயரம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை, ஏஜென்ட்டும் கேட்பதில்லை. பணம் போகிற ஓட்டையே அதுதான்.

யூனிவர்சலில் எந்த ரைடில் யார் ஏறலாம் என்பதை வயதை வைத்து முடிவு செய்வதில்லை, உயரத்தை வைத்துத்தான். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். மம்மி ரைடுக்கு 122. ஜுராசிக் பார்க்கில் தண்ணீரில் சுற்றிவரும் ரைடுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, பூனை ரைடு என்று பிள்ளைகள் சொல்லும் புஸ் இன் பூட்ஸுக்கு 100. உங்கள் மகன் 98 இருப்பான் என்று வைத்துக்கொள்வோம், நாலு முடிந்த பையனுக்கு அது சகஜமான உயரம். அப்படியென்றால் நான் சொன்ன ஐந்தில் ஒன்றில்கூட அவனை ஏற்றமாட்டார்கள். 92 போதும் என்கிற கேனோபி ஃப்ளையர், என்சான்டட் ஏர்வேஸ் இரண்டிலும் பெரியவர் துணையோடு ஏறலாம். செசமி ஸ்ட்ரீட் ரைடு இருக்கிறது. மற்றபடி ஷோக்கள், பொம்மை வேஷக்காரர்களோடு போட்டோ.

இப்போது உங்கள் பேக்கேஜைத் திரும்பப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது வரிசையில் நிற்காமல் குறுக்கு வழியில் போவதற்கான கூடுதல் கட்டணம். நுழைவு டிக்கெட்டுக்கு மேல் தலைக்குத் தனியாகக் கட்ட வேண்டும், கூட்டமான நாளில் அதன் விலை டிக்கெட் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஏற முடியாத பையனுக்கு எக்ஸ்பிரஸ், ஏறினால் தலை சுற்றும் மனைவிக்கு எக்ஸ்பிரஸ், மூட்டு வலியோடு உட்கார்ந்திருக்கப்போகும் அம்மாவுக்கு எக்ஸ்பிரஸ்! பெரிய ரைடுகளில் ஏறப்போவது நீங்களும் மகளும் மட்டும்தான். ஐந்து பாஸில் மூன்று அன்றைக்குக் காலையிலேயே செத்துப்போன பாஸ்.

சரி, இருவருக்காவது எடுக்கலாமா? அதுவும் வேண்டாம் என்பேன். மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், கலாக்டிகா மூன்றிலும் தனியாக ஏறுபவர்களுக்குத் தனி வரிசை உண்டு. வண்டியில் ஒற்றை இருக்கை காலியாக இருந்தால் அதில் உட்காரவைப்பார்கள். பக்கத்து இருக்கை கிடைக்காது, முன்னே பின்னே உட்கார வேண்டியிருக்கும். உள்ளே போனால் எப்படியும் இருட்டு, கத்தல். பக்கத்தில் அப்பா இருக்கிறாரா என்று பார்க்கவே நேரம் இருக்காது. மகள் 125-ஐத் தாண்டியிருந்தால் மூன்றிலும் தனியாகவே உட்காரலாம். இந்த வரிசைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கூட்டம் அதிகமானால் சில நேரம் மூடிவைப்பார்கள், அதனால் காலை முதல் இரண்டு மணி நேரத்திலேயே இந்த மூன்றையும் முடித்துவிடுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது வெளிநாட்டுப் பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஊரே சிரிக்கும், டிராவல்ஸ் நடத்துகிறவன் மகள் வரிசையில் நிற்பதா என்று எல்லோருக்கும் எக்ஸ்பிரஸ் எடுத்தேன். கோஸ்டர் வாசலில் ஒரு வண்டி தலைகீழாகப் போவதை அண்ணாந்து பார்த்தாள். என் கையை உதறிவிட்டுப் பின்னால் போய் பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். அன்றைக்கு முழுக்க எங்கள் பைகளுக்குக் காவல். என் மனைவி அவளோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒருவனே நாலு பேர் காசுக்குச் சுற்றிச்சுற்றி ஏறிவிட்டு, சாயந்திரம் கழுத்து வலியோடு ஹோட்டல் போனேன்.

அதனால் என்னிடம் வருகிற பெற்றோரிடம் இப்போது ஒன்று சொல்கிறேன். திருச்சியில் பொருட்காட்சி போடும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய் கொலம்பஸ் கப்பலில் ஏற்றிப் பாருங்கள், அதுவும் ஓர வரிசையில். கப்பல் உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும்போது வயிறு தொண்டைக்கு வருமே, அதைச் சிரித்துக்கொண்டே தாண்டுகிற பிள்ளை மம்மி ரைடையும் தாண்டிவிடும். இறங்கி வந்ததும் அம்மா மடியில் முகம் புதைக்கிற பிள்ளைக்குப் பெரிய ரைடுகளுக்காகப் பணம் கட்ட வேண்டாம். சிங்கப்பூர் போகக்கூடாது என்பதில்லை, போகிற இடத்தில் எதற்குச் செலவு செய்வது என்பது மாறும்.

அடுத்தது, இரண்டாவது நாள். யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஒரே நாளில் முடிகிற பூங்காதான். 2010-இல் திறந்தபோதே அளவில் கச்சிதமானது, கடந்த ஆண்டுகளில் மினியன் லேண்ட் என்ற பகுதி சேர்ந்த பிறகும் அப்படியே. வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருந்தால் சாயந்திரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். இரண்டு நாள் டிக்கெட் பேக்கேஜில் இருப்பது உங்களுக்காக அல்ல, பேக்கேஜ் கனமாகத் தெரிவதற்காக. நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர் டிக்கெட் சுமார் 85 டாலர், 4 முதல் 12 வயது வரை சிறுவர் டிக்கெட் சுமார் 65. உங்கள் ஐவருக்கும் ஒரு நாளைக்கு 385 டாலர், ஏறக்குறைய 27,000 ரூபாய். இரண்டாவது நாளை வெட்டினால் அந்த 27,000 மிச்சம். ஐந்து எக்ஸ்பிரஸை வெட்டினால் சுமாராக இன்னொரு 27,000. அரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது, பிள்ளைகளுக்கு ஒரு ரைடுகூடக் குறையவில்லை. உங்கள் மகன் இன்னும் சில மாதம் இளையவனாக இருந்து, போகிற அன்றைக்கு 4 முடியாமல் இருந்திருந்தால் அவனுக்கு டிக்கெட்டே தேவைப்பட்டிருக்காது. அது போகட்டும்.

இப்போது தேதி. காலாண்டு விடுமுறை என்றதும் எனக்குத் திக்கென்றது. செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதலும் சிங்கப்பூரில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து விழும் காலம். ஒன்று, யூனிவர்சலில் ஹாலோவீன் திகில் இரவுகள். அவை நடக்கிற நாட்களில் பகல் பூங்காவைச் சீக்கிரமே மூடி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், இரவுக்குத் தனி டிக்கெட். நீங்கள் முழு நாளுக்குப் பணம் கட்டி முக்கால் நாள்தான் இருப்பீர்கள். போதாக்குறைக்கு, வெளியே வரும்போது பேய் வேஷத்தைப் பார்த்து மகன் இரண்டு நாள் தூங்கமாட்டான். இரண்டாவது, ஃபார்முலா ஒன் கார் பந்தயம். அது நடக்கிற வாரத்தில் ஹோட்டல் வாடகை கன்னாபின்னாவென்று ஏறும். மூன்றாவது, அக்டோபர் 1 முதல் சீனாவில் தேசிய நாள் விடுமுறை வாரம், அங்கிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். உங்கள் பேக்கேஜ் 3,90,000-க்குப் போனதில் இவற்றுக்கும் பங்கு இருக்கிறது.

பொங்கல் விடுமுறை? சிங்கப்பூரில் அப்போது பள்ளிகள் நடக்கும், லிட்டில் இந்தியாவில் செராங்கூன் சாலை முழுக்கப் பொங்கல் அலங்கார விளக்குகள். பார்க்க அழகு. ஆனால் பொங்கலன்று வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏற உங்கள் அம்மா சம்மதிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜூன் மாதம் சிங்கப்பூர் பள்ளிகளுக்கே நீண்ட விடுமுறை, அதுவும் வேண்டாம். மே மாதத்தில் இங்கிருந்து எல்லோரும் கிளம்புவதால் விமானக் கட்டணம் எகிறும்.

எனவே நான் சொல்வது அடுத்த ஏப்ரல். மகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, மே பிறப்பதற்குள், ஒரு திங்கட்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புவது போல. யூனிவர்சலுக்குச் செவ்வாய் அல்லது புதன். மகளுக்கு அப்போது 12 ஆகியிருந்தாலும் சிறுவர் டிக்கெட்தான், 13 ஆனால்தான் பெரியவர் கணக்கு.

தள்ளிப்போடுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அது பணத்தில் வராது. நாலு வயதுப் பையன் வருஷத்துக்கு ஆறேழு சென்டிமீட்டர் வளர்வான். இன்று 98 என்றால் செப்டம்பரில் 99 அல்லது 100, அதாவது பூனை ரைடு வாசலில் வாதாட வேண்டிய உயரம். ஏப்ரலில் 103-க்குப் பக்கத்தில் வந்துவிடுவான். பூனை ரைடும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் திறந்துகொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வாசலில் அளவுகோல் ஒன்று நட்டுவைத்திருப்பார்கள். ஒருமுறை எங்கள் குழுவில் வந்த பையன் அதன் கீழே நின்றான். தலைமுடிக்கும் கோலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அவன் அப்பா முடியைக் கலைத்துவிட்டுத் தூக்கிக் காட்டினார், குதிகாலை லேசாக உயர்த்தச் சொல்லிக் காதில் கிசுகிசுத்தார். அங்கே நின்ற பெண் சிரித்த முகத்தோடு குனிந்து, அவன் குதிகாலை மெல்லத் தரையில் அழுத்திவிட்டு, மறுபடி அளந்தார். முடியாது என்று தலையாட்டினார். அந்த வரிசையில் நாற்பது நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்த அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கேட்டீர்களே, முகம் வாடாமல் என்று, அது இந்த இடத்தில்தான் வாடும்.

பத்து மாதம் கிடைத்தால் மச்சானின் இஎம்ஐ யோசனைக்கும் வேலை இல்லை. 1,40,000 இருக்கிறது. மாதம் 11,000 வங்கியில் தொடர் வைப்பில் போடுங்கள், ஏப்ரலில் 2,50,000 ஆகிவிடும். வட்டி உங்கள் பக்கம் வரும். பயணக் கடனில் வட்டி எதிர்ப்பக்கம் போகும். மகள் வேறு ஊர் கேட்கத் தொடங்கிய பிறகும் தவணை முடிந்திருக்காது.

பேக்கேஜ் எடுப்பதா, தனித்தனியாக நீங்களே பதிவு செய்வதா? உங்கள் குடும்பத்துக்குத் தனித்தனியாகத்தான். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன, நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. விலை பார்க்கும்போது டிக்கெட்டை மட்டும் பார்க்காதீர்கள், பெட்டிக்கு எவ்வளவு என்றும் பாருங்கள். சில குறைந்த கட்டண விமானங்களில் கையில் எடுத்துப்போகும் பை மட்டும்தான் இலவசம். மூன்று நாளைக்கு ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய பெட்டிக்குப் பணம் கட்டினால் போதும். திரும்பும்போது முஸ்தஃபா கடையில் வாங்குவதெல்லாம் அதற்குள் போகட்டும்.

தங்குவதற்கு லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள். ஊதா நிறத் தடத்தில் ஏறினால் ரயில் மாறாமல் நேரே ஹார்பர்ஃப்ரன்ட், அதுதான் செந்தோசாத் தீவுக்கு வாசல். யூனிவர்சல் அந்தத் தீவில்தான் இருக்கிறது. செந்தோசாவிலேயே தங்கினால் நடை மிச்சம் என்பார்கள். நடை மிச்சம்தான், வாடகையைப் பார்த்தால் மூட்டு வலி உங்களுக்கு வந்துவிடும். ஒரே அறையில் ஐந்து பேர் என்று சிங்கப்பூரில் பெரும்பாலான ஹோட்டல்களில் விடமாட்டார்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாதாரண அறைகள் எடுங்கள். ஆன்லைனில் முழு ஃபிளாட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் தொடாதீர்கள். தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படி தவறு. பெட்டியோடு வாசலில் நிற்கும்போது இதைத் தெரிந்துகொள்வதால் பயனில்லை.

விசா உங்களுக்கு வேண்டும், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாக எடுக்கலாம். அரசுக் கட்டணம் தலைக்கு 30 டாலர், அதற்கு மேல் எவ்வளவு கூலி என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். ஆனால் அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவம் முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன, தேடினால் அவைதான் முதலில் வந்து நிற்கும். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள்.

பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் தத்கால் என்று ஓடினால் தலைக்கு 2,000 கூடுதல். 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் புதிய பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு, உங்கள் மகனுக்கும் அம்மாவுக்கும் அது பொருந்தும்.

ஒருவேளை பேக்கேஜ்தான் எடுக்கிறீர்கள் என்றால், பில்லில் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அது ஏஜென்ட் எடுத்துக்கொள்கிற பணமில்லை, உங்கள் பான் எண்ணில் வரவாகிற வரி. கடையின் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லிக் கழித்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு வருத்தப்படுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

பூங்கா நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் லிட்டில் இந்தியாவில் உள்ள டெக்கா சென்டர் உணவங்காடியில் தோசையோ பரோட்டாவோ வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஹார்பர்ஃப்ரன்ட்டில் இறங்கினால் விவோசிட்டி மால். அதன் மூன்றாவது தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், ஆளுக்கு 4 டாலர். கீழேயே கடலை ஒட்டி நடைபாதை இருக்கிறது, அதில் நடந்தால் ஒன்றும் கட்ட வேண்டாம். பாதி தூரம் நகரும் பட்டை வேறு. அம்மாவின் மூட்டைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். திரும்பும்போது ரயிலுக்குக் கட்டணம் இல்லை, அப்போது கால் ஓய்ந்திருக்கும், எல்லோரும் ஏறிவிடுங்கள்.

வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். புளியோதரைப் பொட்டலம் கட்டிப்போய் வாசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். உள்ளே சாப்பாடு விலை கூடுதல், சைவம் கிடைப்பதும் சிரமம். கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே வந்து அன்றைக்கே மறுபடி உள்ளே போகலாம். மத்தியானம் வெயில் உச்சியில் இருக்கும்போது விவோசிட்டி உணவுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டு, குளுகுளுவென்று ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். அங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது. ஆளுக்கொரு காலி பாட்டில் எடுத்துப்போய் நிரப்பிக்கொண்டே இருங்கள்.

ஏப்ரலில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும். இடி இடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் முதலில் சொன்ன மூன்றையும் முடித்த கையோடு, மீதியில் வெளியே இருப்பதெல்லாம் காலையில், கூரைக்குள் இருப்பதெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம். ஜுராசிக் ரைடில் தொப்பலாக நனைவீர்கள். அங்கே பிளாஸ்டிக் மழைக்கோட்டு விற்பார்கள், உலர்த்துவதற்குப் பெட்டி மாதிரி ஒன்றில் நிற்கவைத்து அதற்கும் காசு வாங்குவார்கள். திருச்சி என்.எஸ்.பி. ரோட்டில் நான்கு மழைக்கோட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பெரிய ரைடிலிருந்தும் வெளியே வருகிற வழி ஒரு பொம்மைக் கடைக்குள்தான் போகும். அது தற்செயல் இல்லை. காலையிலேயே மகள் கையில் 30 டாலரும் மகனுக்காக மனைவி கையில் 20 டாலரும் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கு முழுக்க அதுதான் கணக்கு என்று சொல்லி. உங்களிடம் கேட்டால் எல்லாமே வேண்டும். தன் கையில் இருக்கிற நோட்டு என்றால், எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த கடையையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்பாள் பாருங்கள்.

கடையில் கார்டு கொடுத்தால் இயந்திரம் ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம் விரல் தானாக அங்கே போகும். போகக்கூடாது. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலையில் எடுப்பார்கள், அது எப்போதும் நமக்கு நஷ்டம். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மூன்று, மூன்றரை சதவீதம் வரை தனியாகப் போட்டுக்கொள்ளும், அதனால் முன்பே டாலர் ஏற்றிவைத்துக்கொள்ளும் ஃபோரக்ஸ் கார்டும் கொஞ்சம் ரொக்கமும் போதும்.

மீதி நாட்களுக்குப் பணமே வேண்டாம், நிஜமாகத்தான். கார்டன்ஸ் பை த பேயில் வெளித் தோட்டம் இலவசம். ராத்திரி 7:45-க்கும் 8:45-க்கும் அந்த ராட்சத மரங்களுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்து ஒளிக் காட்சி பார்க்கலாம். அதே தோட்டத்தில் குழந்தைகளுக்குத் தண்ணீர் விளையாட்டுத் திடல் இருக்கிறது, திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. மாற்று உடை எடுத்துப் போங்கள், 103 சென்டிமீட்டர் மகனுக்கு இது யூனிவர்சலைவிடப் பிடித்துப்போனால் ஆச்சரியப்பட மாட்டேன். சாங்கி விமான நிலையத்தின் ஜுவெல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுகிறது, அதையும் கிளம்புகிற அன்று சும்மாவே பார்க்கலாம். லிட்டில் இந்தியாவில் வீரமாகாளியம்மன் கோயில் ஹோட்டலிலிருந்து நடக்கும் தூரம். ரயில் நிலையங்களில் தமிழிலும் எழுதியிருப்பார்கள், பெயர்ப் பலகையை வாசித்துக் கொண்டு வருவது அம்மாவுக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் எந்த ரைடிலும் ஏறப்போவதில்லை, டிக்கெட் எதற்கு, ஹோட்டலிலேயே இருக்கட்டும் என்று யாராவது சொல்வார்கள். 6,000 ரூபாய் மிச்சம்தான். இந்த ஒரு மிச்சத்தை மட்டும் நான் சொல்ல மாட்டேன். தெரியாத ஊரில், மூடின அறையில், டிவியில் என்ன பாஷை ஓடுகிறது என்று தெரியாமல் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்கு அவர் துறையூரிலேயே இருக்கலாம். உள்ளே வந்தால் வாட்டர்வேர்ல்டு ஷோ இருக்கிறது, தண்ணீரும் நெருப்புமாக, பாஷை தெரியாமலே ரசிக்கலாம். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். பேரன் ஏறி இறங்குவதைப் பார்க்கத்தான் பாட்டிகள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். ஆனால் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் வைத்துவிட்டு எல்லோரும் ஓடிப்போகாதீர்கள். உங்கள் மனைவி எப்படியும் கீழேதான் நிற்பார், இருவரும் சேர்ந்திருக்கட்டும்.

என் கணக்கு இப்படி வருகிறது. விமானம் ஐவருக்கு 1,00,000, மூன்று இரவு இரண்டு அறைகள் 50,000, யூனிவர்சல் 27,000, விசா 13,000, சாப்பாடு 20,000, ரயில், டாக்ஸி 10,000. மொத்தம் 2,20,000. மீதி 30,000-இல் முதல் செலவு பயணக் காப்பீடு. அம்மாவுக்கு 67 வயது, அங்கே ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் இந்தப் பயணச் செலவு முழுவதும் போய்விடும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வரும்போது சாதாரண டாக்ஸியில் நாலு பேர்தான், ஐந்து பேருக்கு ஆறு இருக்கை வண்டியாகக் கூப்பிடுங்கள். விமானக் கட்டணத்தைப் பொங்கல் முடிந்ததும் பார்க்கத் தொடங்குங்கள், ஒருவருக்கு 20,000-க்குள் வந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். யூனிவர்சல் டிக்கெட்டை மட்டும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். அது தேதி போட்ட டிக்கெட், மகளின் தேர்வு அட்டவணை கையில் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் மாதத்தில் கதவு நிலையில் இன்னொரு கோடு போட்டுப் பாருங்கள். மகன் 102-ஐத் தொடவில்லை என்றால், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் உனக்கு அடுத்த தடவைதான் என்று துறையூரிலேயே, பஸ் ஏறுவதற்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.